பாட்டுக்கு மெட்டு: பெர்னி டாப்பின் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜான், அவருடைய பாடலாசிரியர் பெர்னி டாப்பின் இணையைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

எல்டன் ஜான் தன் பாடல்களைத் தானே எழுதுவதில்லையா? இத்தனை நாளும் அவர் எழுதியவை என்றுதான் நினைத்திருந்தேன்.
வாசகர், திருச்சி

மெட்டும் குரலும் பியானோவும் அவருடையவை. சொற்கள், மிகப் பெரும்பாலும், பெர்னி டாப்பினுடையவை. டாப்பின் 1950 மே 22 அன்று இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பிறந்தவர், பண்ணை நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர். 17 வயதில் எல்டனோடு சேர்ந்தார். இடையில் சில ஆண்டுகள் தவிர அந்தக் கூட்டு இன்றுவரை தொடர்கிறது.

நம் வானொலியில் பாடல் இயற்றியவர், இசை, பாடியவர் என்று மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். ஆங்கில பாப் வானொலியில் பாடகர் பெயரோடு சரி. இசைத்தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்தால்தான் இரண்டாவது பெயர் தெரியும். பாட்டில் வரும் 'நான்' பெரும்பாலும் டாப்பின்தான். எல்டன் அந்த 'நானை' ஏற்றுப் பாடுகிறார்.

இருவரும் எப்படிச் சந்தித்தார்கள்? நண்பர்களாக இருந்து கூட்டாளிகள் ஆனவர்களா?
வாசகி, நாகர்கோவில்

இல்லை. ஒரு விளம்பரம்தான் சேர்த்து வைத்தது. 1967-ல் லிபர்ட்டி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் புதிய திறமைசாலிகள் தேவை என்று 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' வார இதழில் அறிவிப்புக் கொடுத்தது. ரெஜினால்ட் டுவைட் என்ற இளைஞர் நேரில் போனார். 'புளூஸாலஜி' என்ற குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவர் அவர். பின்னாளில் எல்டன் ஜான் ஆனவரும் அவர்தான். மெட்டுப் போட வரும், பாட்டு எழுத வராது என்று சொன்னார். டாப்பின் தபாலில் கவிதைகள் அனுப்பியிருந்தார். அந்த உறையை எடுத்து டுவைட்டிடம் கொடுத்தவர் ரே வில்லியம்ஸ் என்ற நிறுவன அதிகாரி. லிபர்ட்டி இருவரையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இருவரும் நேரில் பார்ப்பதற்கு முன்பே சில பாடல்களுக்கு மெட்டுத் தயாராகிவிட்டது. அவர்கள் வேலை செய்யும் முறையே அந்த உறையிலிருந்து வந்ததுதான் என்பது எங்கள் எண்ணம்.

அடுத்து, பீட்டில்ஸ் பாடல்களைப் பதிப்பித்துப் பேர்பெற்ற டிக் ஜேம்ஸின் நிறுவனத்தில் வாரச் சம்பளம் போன்ற ஒரு முன்பணத்துக்குச் சேர்ந்தார்கள். மற்றப் பாடகர்கள் பாடுவதற்கேற்ற காதல் பாட்டுகளை எழுதித் தருவதுதான் வேலை. எதுவும் எடுபடவில்லை. 'எவருக்கோ பொருந்தும்' என்று எழுதிய பாட்டு எவருக்கும் பொருந்தவில்லை. அதே நிறுவனத்திலிருந்த ஸ்டீவ் பிரவுன், உங்களுக்குப் பிடித்ததை எழுதுங்கள் என்று சொன்ன பிறகுதான் வழி திறந்தது. 1969-ல் முதல் ஆல்பம் 'எம்ப்டி ஸ்கை'. 1970 ஏப்ரலில் இரண்டாவது. அதே ஆண்டு ஆகஸ்ட் 25-ல் லாஸ் ஏஞ்சலிஸின் 'ட்ரூபடார்' அரங்கில் கச்சேரி. அமெரிக்கா அங்கேதான் அவர்களைக் கண்டுகொண்டது.

நம் ஊரில் மெட்டுப் போட்டுத் தத்தகாரம் கொடுப்பார்கள், கவிஞர் அதற்குச் சொல் வைப்பார். இவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள் என்கிறீர்கள். நடைமுறையில் அது எப்படி?
வாசகர், தஞ்சாவூர்

எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

டாப்பின் தனியாக உட்கார்ந்து முழுப் பாட்டையும் தாளில் எழுதி முடிக்கிறார். ஆரம்ப காலத் தாள்களில் எது பல்லவி, எது சரணம் என்ற குறிப்புகூட இருக்காது. எல்டன் அந்தத் தாளைப் பியானோவின் தாங்கியில் வைத்து, வாசித்தபடியே விரல்களை ஓட்டுவார். எந்த வரி திரும்பத் திரும்ப வரவேண்டும், எங்கே மூச்சு விடவேண்டும், எதை நீட்டவேண்டும் என்பதெல்லாம் அப்போது அவர் முடிவு செய்பவை. சற்று நேரத்தில் ஒன்றும் பிடிபடாவிட்டால் அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பார். 'யுவர் சாங்' 1969-ல், நார்த்வுட் ஹில்ஸில் எல்டனின் தாயார் வீட்டில் இருவரும் தங்கியிருந்தபோது பிறந்தது. டாப்பின் காலை உணவு மேசையில் எழுதிய அந்தத் தாளில் தேநீர்க் கறை உண்டு. மெட்டுக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

சொல் எழுதப்படும்போது எல்டன் பக்கத்தில் இருப்பதில்லை. மெட்டுப் போடும்போது டாப்பின் இருப்பதில்லை. 1972-ல் பாரிசுக்கு வெளியே உள்ள ஏருவில் மாளிகையில் ஒலிப்பதிவு செய்தபோது இந்த முறை உச்சத்துக்குப் போனது. டாப்பின் மாடியில் எழுதுவார். தாள்கள் கீழே பியானோவுக்கு வரும். காலைச் சாப்பாட்டு நேரத்திலேயே எல்டன் மெட்டைத் தொடங்கிவிடுவார். கிட்டார், பேஸ், டிரம்ஸ் வாசிப்பவர்கள் அங்கேயே சேர்ந்துகொள்வார்கள். மறுபடி ஒத்திகை என்று தனியாக ஒன்று இல்லை. 1973-ன் இரட்டை ஆல்பமான 'குட்பை யெல்லோ பிரிக் ரோடு' முதலில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பதிவாக வேண்டியது. அங்கே கருவிகளும் ஒலியும் சரிவரவில்லை. எல்டன் ஓட்டல் அறையிலேயே பெரும்பாலான மெட்டுகளை முடித்து வைத்திருந்ததால், குழு ஏருவிலுக்குத் திரும்பி இரண்டே வாரத்தில் பதிவை முடிக்க முடிந்தது.

சொல் முதலில் வருவதால் என்ன லாபம்? மெட்டு வழக்கமான எட்டு மாத்திரைக் கட்டத்துக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. 'யுவர் சாங்' பாட்டில் பேசுபவன் வரியின் நடுவே தடுமாறித் தன்னைத் திருத்திக்கொள்கிறான். மெட்டு முதலில் வந்திருந்தால் அந்தத் தடுமாற்றத்துக்கு இடமே இருந்திருக்காது.

என்ன கெடும்? முதல் சரணத்தைவிட இரண்டாவது சரணத்தில் நாலு அசை கூடிவிட்டால் பாடகர் சொற்களை நெருக்கித் திணிக்க வேண்டும். அழுத்தம் தப்பான அசையில் விழும். எல்டன் பாடல்கள் சிலவற்றில் வார்த்தை தெளிவாகக் கேட்காமல் போவதற்கு இதுவும் காரணம். ஆகவே சொல்லை முதலில் எழுதுபவர் முதல் சரணத்தின் ஒவ்வொரு வரியையும் தாளம் தட்டிப் படித்து, அசையை எண்ணி, இரண்டாம் சரணத்தை அதே சந்தத்தில் அமைப்பது நல்லது. உச்ச சுரம் வரக்கூடிய இடத்தில், அதாவது பாட்டின் பெயர் வரும் வரியின் முடிவில், நெடில் இருக்கவேண்டும். 'ஆ', 'ஓ' நீளும். 'க்', 'ட்' போன்ற வல்லின ஒற்றில் வரி முடிந்தால் குரல் அங்கேயே அறுந்துபோகும்.

விதிவிலக்குகளும் உண்டு. 1976-ல் வந்த 'சாரி சீம்ஸ் டு பி தி ஹார்டஸ்ட் வேர்டு' பாட்டுக்கு மெட்டும் தலைப்பு வரியும் எல்டனிடமிருந்து வந்தன. டாப்பின் பிறகு நிறைவு செய்தார்.

மெட்டுப் போடுபவர் வரிகளை வெட்டினால் எழுதியவர் சும்மா இருப்பாரா?
வாசகி, சேலம்

'டேனியல்' பாட்டில் அதுதான் நடந்தது. வியட்நாம் போரிலிருந்து காயத்தோடு திரும்பிய ஒருவன், ஊரில் தன்னை எல்லாரும் வீரனாக்கிப் பார்ப்பது பொறுக்காமல் வெளியேறுகிறான். டாப்பின் எழுதியது அவன் கதையை. அதை விளக்கும் கடைசிச் சரணத்தை, பாட்டு நீளமாகிறது என்று எல்டன் எடுத்துவிட்டார். அதன் பிறகு கேட்பவருக்கு டேனியல் யார், ஏன் விமானம் ஏறுகிறான் என்பது புரியவில்லை. ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். பாட்டு 1973-ல் பெரும் வெற்றி பெற்றது.

வெட்டியது பாட்டுக்கு நல்லது, கதைக்கு நட்டம் என்பது எங்கள் கருத்து. சொல் எழுதுபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு: முக்கியமான தகவலைக் கடைசிச் சரணத்தில் வைக்காதீர்கள். நேரம் போதாமல் முதலில் போவது அதுதான்.

மேடை ஏறாத ஒருவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கச்சேரி வசூலில் பங்கு உண்டா?
வாசகர், விருதுநகர்

டிக்கெட் வசூல் பாடகருடையது. எழுதியவரின் வருமானம் வேறு வாய்க்கால்களில் வருகிறது.

முதலாவது, தட்டு விற்பனை. அமெரிக்காவில் 1909 முதல் 1977 முடிய, ஒரு பாட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் சட்டப்படியான கட்டணம் 2 சென்ட்தான். பத்துப் பாட்டு உள்ள ஆல்பத்துக்கு 20 சென்ட். பாடல் உரிமையைக் கையில் வைத்து நிர்வகிக்கும் இசைப் பதிப்பகத்துக்குப் பாதி போனால் மீதி 10 சென்ட். சொல்லுக்கும் மெட்டுக்கும் சமபங்கு என்றால் பாடலாசிரியருக்கு 5 சென்ட். பத்து லட்சம் பிரதி விற்றால் 50,000 டாலர். பிரிட்டனில் அப்போது தட்டின் சில்லறை விலையில் 6.25 சதவீதத்தைப் பாடல்களுக்குள் பிரித்தார்கள். அமெரிக்கக் கட்டணம் 2025-ல் பாட்டுக்கு 12.7 சென்ட்.

இரண்டாவது, வானொலி, தொலைக்காட்சி, ஓட்டல், மேடை. பாட்டு ஒலிக்கும் ஒவ்வொரு இடமும் உரிமச் சங்கத்துக்குப் பணம் கட்டும். எல்டன் கச்சேரியில் 'டைனி டான்சர்' பாடினால் அந்தக் கச்சேரி கட்டும் உரிமக் கட்டணத்திலும் டாப்பினுக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவில் இன்னொரு விசேஷம்: சாதாரண வானொலி நிலையங்கள் பாடல் எழுதியவருக்குப் பணம் தரும், பாடிய குரலுக்குத் தராது. மூன்றாவது, படத்திலும் விளம்பரத்திலும் பயன்படுத்தும் அனுமதி. இதற்குச் சட்டக் கட்டணம் கிடையாது, பேரம்தான்.

இனி, பணம் எங்கே ஒழுகும் என்பது. டாப்பினும் எல்டனும் 1967-ல் கையெழுத்திட்டபோது ஒருவருக்கு 17, மற்றவருக்கு 20 வயது. பின்னாளில் டிக் ஜேம்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். லண்டன் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 1985 நவம்பரில் வந்தது. பாடல் உரிமைகள் அவர்களுக்குத் திரும்பவில்லை. இவ்வளவு காலம் தாழ்த்தி வந்திருக்கிறீர்கள் என்பது காரணம். ஆனால் வெளிநாட்டு ராயல்டியில் குறைத்துக் கொடுத்ததற்குக் கணக்குக் காட்டச் சொன்னது நீதிமன்றம்.

அந்த வெளிநாட்டுக் கணக்கு இப்படி. ஒரு நாட்டில் 100 பவுண்டு வசூலாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள துணைப் பதிப்பகம் 50-ஐ எடுத்துக்கொண்டு மீதி 50-ஐ லண்டனுக்கு அனுப்புகிறது. லண்டன் பதிப்பகம் அதில் பாதியை வைத்துக்கொள்கிறது. மிஞ்சுவது 25, ஆளுக்குப் பன்னிரண்டரை. துணைப் பதிப்பகமும் அதே முதலாளியின் கையில் இருந்தால் 75 பவுண்டு ஒரே வீட்டுக்குப் போகிறது. ஒப்பந்தத்தில் 'பாதிப் பங்கு' என்றுதான் எழுதியிருக்கும். எதில் பாதி என்பதுதான் கேள்வி. பணம் வசூலான இடத்தின் தொகையில் பாதி என்று எழுதினால் உங்களுக்கு 50. வந்து சேர்ந்த தொகையில் பாதி என்றால் 25.

இடையில் பிரிந்தார்களாமே? சண்டையா?
வாசகர், காரைக்குடி

பெரிய சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. 1970 முதல் 1976 வரை ஓய்வே இல்லாமல் ஆல்பம் மேல் ஆல்பமாக வந்தது. 1975-ல் அவர்களுடைய 'கேப்டன் ஃபென்டாஸ்டிக்', அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் நேரே முதலிடத்தில் நுழைந்த முதல் ஆல்பம் ஆனது. அது இந்த இருவரின் ஆரம்ப காலப் போராட்டத்தையே வரிசையாகச் சொல்வது. 1976-ன் 'புளூ மூவ்ஸ்' முடிந்ததும் இருவரும் களைத்துப்போனார்கள். எல்டன் கேரி ஆஸ்போர்ன் என்ற பாடலாசிரியரோடு வேலை செய்தார். டாப்பின் ஆலிஸ் கூப்பரின் 1978 ஆல்பத்துக்கு எழுதினார். 1980-ல் சில பாட்டுகளுக்கு மறுபடி சேர்ந்தார்கள். 1983-ன் 'டூ லோ ஃபார் ஜீரோ' ஆல்பத்தில் சொற்கள் முழுக்க டாப்பினுடையவை.

வேறு இசையமைப்பாளர்களோடும் எழுதலாம் என்ற கதவு அதன் பிறகும் திறந்தே இருந்தது. மார்ட்டின் பேஜ் முதலியோரோடு எழுதிய 'வீ பில்ட் திஸ் சிட்டி' 1985-லும், பேஜோடு எழுதிய 'தீஸ் ட்ரீம்ஸ்' 1986-லும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தன. முதலாவதை ஸ்டார்ஷிப் குழுவும் இரண்டாவதை ஹார்ட் குழுவும் பாடின. இரண்டிலும் எல்டனுக்குச் சம்பந்தமில்லை. ஒரே பாடகரை நம்பியிருக்கும் பாடலாசிரியருக்கு இதைவிட நல்ல காப்பீடு கிடையாது.

டயானா இறுதிச் சடங்கில் பாடியது பழைய பாட்டா, புதிய பாட்டா?
வாசகி, புதுச்சேரி

பழைய மெட்டு, புதிய சொல். 1973-ல் மர்லின் மன்றோவை நினைத்து எழுதிய 'கேண்டில் இன் தி விண்ட்' பாட்டின் வரிகளை டாப்பின் 1997-ல் மாற்றி எழுதினார். எல்டன் செப்டம்பர் 6 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பாடினார். அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. வருமானம் டயானா நினைவு நிதிக்குப் போனது.

நானும் என் நண்பனும் சொந்தப் பாட்டுகள் போடுகிறோம். நான் எழுத, அவன் இசையமைக்கிறான். இதுவரை எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. என்ன செய்யவேண்டும்?
வாசகர், கோவை

முதல் பாட்டை வெளியிடும் முன்பே ஒரு பங்குத் தாள் எழுதுங்கள். பாட்டின் பெயர், இருவரின் ஆவணப் பெயர், சொல்லுக்கு எத்தனை சதவீதம், மெட்டுக்கு எத்தனை, தேதி, இருவர் கையெழுத்து. ஒரு பக்கம் போதும். மொத்தம் 100 வரவேண்டும். பீட் போட்டவர், ஒரு வரி சொன்ன பாடகர் என்று மூன்றாவது ஆள் இருந்தால் அன்றைக்கே சேருங்கள். பாட்டு ஓடிய பிறகு பேசினால் நட்புக் கெடும். ஒலிப்பதிவின் உரிமை தனி. ஸ்டூடியோச் செலவை யார் கொடுத்தார், பதிவு யாருடையது என்பதையும் அதே தாளில் தனி வரியாக எழுதுங்கள்.

இந்தியச் சட்டத்தில் பாட்டின் சொல் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு. இரண்டுக்கும் காப்புரிமை தனித்தனி. எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை அது நீடிக்கும். நாளை ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தோடு வந்தால் இவற்றைப் பாருங்கள். காலம் குறிக்காத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கே செல்லும். நாடு குறிக்காவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். எனவே 'உலகம் முழுவதும், என்றென்றைக்கும்' என்ற சொற்கள் அங்கே சும்மா எழுதப்பட்டவை அல்ல. அவற்றுக்குத் தனி விலை கேளுங்கள். 2012 திருத்தத்தின்படி ராயல்டியில் உங்களுக்கு வரவேண்டிய சமபங்கை நீங்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் மாற்றலாம்.

பாடல் எழுதுபவர்கள், இசையமைப்பவர்கள் சார்பில் உரிமத் தொகை வசூலிக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் நீங்கள் பாடலாசிரியராகவும் நண்பர் இசையமைப்பாளராகவும் தனித்தனியே உறுப்பினர் ஆகுங்கள். ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்யுங்கள், இருவர் பதிவிலும் சதவீதம் ஒன்றாக இருக்கட்டும். வேறுபட்டால் பணம் நிறுத்திவைக்கப்படும். ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும்போது 'பாடலாசிரியர்' கட்டத்தை நிரப்பாமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. புனைபெயரை மட்டும் போடுவது இன்னொன்று. எல்டனும் டாப்பினும் 1976-ல் 'டோன்ட் கோ பிரேக்கிங் மை ஹார்ட்' பாட்டுக்குப் புனைபெயர்தான் போட்டார்கள். ஆனால் யார் எவர் என்பது பதிப்பகத்தின் ஏட்டில் இருந்தது. உங்கள் புனைபெயரையும் சங்கத்தில் பதிந்து வையுங்கள்.

இப்போதும் தனித்தனி அறைதானா?
வாசகி, ஈரோடு

2025-ல் வந்த 'ஹூ பிலீவ்ஸ் இன் ஏஞ்சல்ஸ்?' ஆல்பத்தில் மாற்றிவிட்டார்கள். பாடகி பிராண்டி கார்லைல், தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் ஆகியோரோடு ஒரே ஸ்டூடியோவில் 20 நாளில் எழுதிப் பதிவு செய்தார்கள். கையில் எதுவும் தயாராக இல்லாமல் உள்ளே போனவர்கள். பழைய முறையையும் புதியதையும் ஒப்பிட விரும்பினால் முதலில் 1971-ன் 'மேட்மேன் அக்ராஸ் தி வாட்டர்' கேளுங்கள், பிறகு இதை. சரணங்களின் நீளத்தையும், பல்லவி எத்தனையாவது நொடியில் வருகிறது என்பதையும் குறித்துக்கொண்டு கேட்டால் வித்தியாசம் தெரியும்.